மூன்றாம் எண் பாட்டில்

நண்பர்களே, நம் மீன்நோய் ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் உங்களுக்கு மூன்று விதிகளைச் சொல்லியிருப்பார்கள். கையுறை இல்லாமல் எதையும் தொடாதே. லேபிள் ஒட்டாமல் எதையும் வைக்காதே. மாதிரிகள் வைக்கும் ஐஸ் பெட்டியில் சாப்பிடும் பொருளை வைக்காதே. முதல் இரண்டையும் நான் ஓய்வு பெறும்வரை கடைப்பிடித்தேன். மூன்றாவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நம் வேலையை வெளியாட்களுக்குப் புரியவைப்பது கடினம். மீன் குட்டையில் பாக்டீரியா இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது. எல்லாக் குட்டையிலும் இருக்கிறது. ஏரோமோனாஸ் என்ற பெயரில் ஒன்று, மீன் இருக்கும் இடமெல்லாம் இருக்கும். ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எல்லா ஊரிலும் ஒரு சுப்பிரமணி இருக்கிறார். நகையைத் திருடிய சுப்பிரமணி எவர் என்பதுதான் கேள்வி. அதற்குக் கைரேகை வேண்டும். பாக்டீரியாவின் மரபணுத் துண்டுகளைப் பெருக்கி ஜெல்லில் ஓடவிட்டால் ஏணிப்படிபோல் கோடுகள் விழுகின்றனவே, அதுதான் அதன் கைரேகை. இரண்டு இடத்துக் கோடுகள் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே ஆள்.

ஒரே ஆள் என்று மட்டும்தான் அது சொல்லும். யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்குப் போனார் என்று சொல்லாது. இதை நான் ஜவ்வாது மலையில் கற்றுக்கொண்டேன்.

அங்கே ஒரு சரிவில் இரண்டு மீன் குட்டைகள். மேல்குட்டை மல்லிகாவுடையது. அவர் கணவர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவர், பண்டிகைக்குத்தான் வருவார். கீழ்குட்டை அவருடைய கொழுந்தன் சடையனுடையது. மேலே நிரம்பினால் வழிந்து கீழே வரும். இரண்டிலும் ஒரே நாளில், ஒரே வண்டியில் வந்த கட்லா குஞ்சுகளை விட்டிருந்தார்கள். நான்கைந்து மாதம் நன்றாக இருந்தது. பிறகு கீழ்குட்டையில் மீன்கள் உடம்பில் சிவப்புப் புண்ணோடு செத்து மிதக்க ஆரம்பித்தன.

தண்ணீர் மேலிருந்துதான் வருகிறது, எனவே நோயும் மேலிருந்துதான் வந்தது என்றார் சடையன். ஊர் கூடியது. ஊர்ப் பெரியவரை அங்கே நாட்டார் என்பார்கள். அவர் ஒரு முடிவு சொன்னார். நோய் மேல்குட்டையில் கிளம்பியதுதான் என்று ஆய்வகத்துக்காரர்கள் சொன்னால், ஓடைப் பக்கம் அதன் கரையை வெட்டித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். மல்லிகா புளி விற்று வந்ததையெல்லாம் தீவனமாக்கி அந்தக் குட்டைக்குள் போட்டிருந்தார். மீன் இன்னும் கொஞ்ச நாளில் சந்தைக்குப் போகும் பருவம். கரை வெட்டப்பட்டால் அத்தனையும் ஓடையோடு போகும்.

எங்கள் பிரிவுத் தலைவியும் நானும் போனோம். அவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். பேசினால் அது பெரும்பாலும் கேள்வியாக இருக்கும்.

ஜீப்பை விட்டு இறங்கியதும் சடையன் ஓடிவந்தார். மெலிந்த மனிதர், புதுச் சட்டை.

"வாங்க மேடம், வாங்க சார். மொதல்ல தாசில்தார பாத்துட்டு வந்துடலாம்."

தாசில்தார் வந்திருக்கிறார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேடம் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். நான் கோப்பைக் கையில் எடுத்தேன். சடையன் எங்களைக் குட்டைக் கரைக்கு அழைத்துப் போய்த் தவிட்டு உருண்டை ஒன்றைத் தண்ணீரில் வீசினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கன்றுக்குட்டியின் முகம் அளவுக்கு ஒரு தலை மேலே வந்தது. உருண்டையை விழுங்கியது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. உள்ளே போய்விட்டது.

"அதான் தாசில்தாரு," என்றார் சடையன் பெருமையாக. "அவுருக்கா தோணுனாத்தான் மேல வருவாரு. வந்தா மத்த மீனுங்க ஒதுங்கி வயி உடும்."

"இதுவும் அந்த வண்டியில் வந்த குஞ்சா?" என்று கேட்டார் மேடம்.

"ஆமாங்க. எல்லாம் நம்ம தீனிதான்."

மேல்குட்டைக் கரையில் நின்றிருந்த ஒரு பெண், மல்லிகா, அங்கிருந்தே குரல் கொடுத்தார். "இன்னா தீனி கொயுந்தனாரே அது? எங்களுக்கும் சொல்றது. என் மீனு முயங்கை நீளத்துக்கு மேல வர மாட்டேங்குது. உன்னுது மட்டும் தூக்கறதுக்கு ஆளு கேக்குது."

"வயிறு எரியுதா அண்ணி?"

"எனக்கு இன்னாத்துக்கு எரியுது? உன் குட்டைதான் நாறுது."

இதை நான் கேட்டுக்கொண்டேன். மேடமும் கேட்டார். அப்போது எங்கள் வேலை தாசில்தார் அல்ல, தண்ணீர். ஐஸ் பெட்டியைத் திறக்கப் போனேன்.

சடையனின் மனைவி வெள்ளச்சி விடவில்லை. "சாப்டாம குட்டையில கால வெக்கறதா? நல்லாக்கீதே! மொதல்ல சோறு."

மலையில் இது வேண்டுகோள் அல்ல, உத்தரவு. ஐஸ் பெட்டியைப் பலாமரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு. போதும் என்று சொல்வதற்குக் கையை இலைமேல் வைத்தால் கைமேலேயே குழம்பை ஊற்றுகிற வகை உபசாரம். மேடம் கையை எடுக்காமல் வைத்துப் பார்த்தார். அவருக்கும் ஊற்றினார்கள்.

சாப்பிட்டு எழுந்து வந்து மாதிரி எடுத்தோம். மேல்குட்டைத் தண்ணீர் ஒன்றாம் எண் பாட்டிலில். கீழ்குட்டை இரண்டாம் எண்ணில். மூன்றாம் எண் பாட்டில் ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய நீரை நிரப்பி எடுத்துவந்தது. அதைத் திறக்கவே கூடாது. நம்மோடு மலையேறி, நம்மோடு இறங்கி, சுத்தமாகத் திரும்ப வேண்டும். நாம் பிளாங்க் என்று சொல்வது இதைத்தான். வேலை எதுவும் செய்யாமல் போய்வருகிற ஒரே உறுப்பினர் அது.

ஆய்வகத்தில் சோதனை முடிந்தது. ஜெல் படத்தைக் கையில் எடுத்தேன். மேல்குட்டையும் கீழ்குட்டையும் கோட்டுக்குக் கோடு ஒன்று. வெட்டி ஒட்டியதுபோல் ஒன்று. அறிக்கை தயாரானதும் தொலைபேசி அடித்தது. வட்டார அலுவலகத்து அதிகாரி ஒருவர்.

"ரிசல்ட் வந்துச்சா சார்? ஊர்ல எல்லாரும் மம்முட்டியோட உக்காந்துகீறாங்க. ஒரு வார்த்த சொல்லிட்டா கரைய வெட்டிட்டு அவங்கவங்க வேலைக்குப் போய்டுவாங்க."

தட்டச்சு செய்த அறிக்கை மேசையில் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மேடம் பேனாவைத் திறந்தார். பேனாவைத் திறந்தபடியே கேட்டார்.

"மூணாவது பாட்டில்ல என்ன?"

படத்தில் மூன்றாவது வரிசையை அவரிடம் காட்டினேன். அதிலும் அதே கோடுகள். அதே ஆள். மேடம் பேனாவை மூடிவிட்டுத் தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"இப்ப சொல்ல முடியாதுங்க. மூணு பாட்டில்லயும் அதே கிருமி இருக்கு."

"அப்போ மூணு குட்டைன்னு எயுதிடுங்க மேடம். மூணாவது யாரு குட்டை?"

"எங்க குட்டை."

"புரியலீங்களே."

"எனக்கும் புரியலை. புரியற வரைக்கும் மண்வெட்டியைக் கீழ வெக்கச் சொல்லுங்க."

நண்பர்களே, அந்த நிமிடத்தைக் கவனியுங்கள். இரண்டு குட்டையும் ஒத்துப்போகிறது, எல்லோரும் எதிர்பார்த்த பதில் அது, ஊரே காத்திருக்கிறது. பிளாங்க் ஏதோ கெட்டுப்போயிருக்கும் என்று ஒதுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கலாம். பலர் போட்டிருப்பார்கள். ஆனால் எங்கள் அறிக்கையை அப்படியே நம்பினால், மலையில் மீன்களைக் கொன்ற நோய் எங்கள் ஆய்வகத்துச் சுத்த நீரில்தான் கிளம்பியது என்றும் நம்ப வேண்டும். அப்படியானால் வெட்ட வேண்டியது எங்கள் வாட்டர் டேங்கை.

மூன்றாம் எண் பாட்டிலைக் கழுவ அனுப்பாமல் வைத்திருந்தோம். அதைச் சுற்றியிருந்த காகிதமும் நூலும்கூட மேசையில் கிடந்தன. பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றி நூலால் கட்டித்தான் கிருமி நீக்குவோம். அந்த நூலைப் பார்த்தேன். எங்கள் ஆய்வகத்தில் போடுவது சாதாரண முடிச்சு. அவசரத்தில் அதுகூட இருக்காது, சுற்றிச் செருகிவிடுவோம். இந்த நூலில் இருந்தது பூ கட்டுகிற முடிச்சு. சீராக, அழகாக, இரண்டு சுற்றுப் போட்டு இழுத்தது. மற்ற இரண்டு பாட்டில்களின் நூலையும் குப்பைக்கூடையிலிருந்து தேடி எடுத்தேன். அவற்றிலும் பூ முடிச்சு. மாதிரி எடுத்த அவசரத்தில் முடிச்சைப் பார்க்காமலே நூலை அப்படியே உருவி எடுத்து மறுபடி மாட்டியிருந்தோம்.

"நம்ம ஆட்கள்ல யாருக்காவது பூ கட்டத் தெரியுமா?" என்று கேட்டார் மேடம்.

யாருக்கும் தெரியவில்லை. மறுபடி மலையேறினோம்.

வெள்ளச்சி வாசலிலேயே வரவேற்றார். மேடம் நூலைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது. திருடு பிடிபட்ட முகம் அல்ல. செய்த உதவி தாமதமாகவேனும் கவனிக்கப்பட்ட முகம்.

"ஆமா, நாந்தான் கட்டனேன். நீங்க கட்டனது லூசா இருந்துச்சி. நீங்க சாப்டுனு இருந்தீங்களா, அந்த நேரத்துல எல்லா பாட்டிலயும் பிரிச்சி கயுவி வெச்சேன். விருந்தாளி பாட்டில கயுவாம தண்ணி புடிச்சி அனுப்ப முடியுமா?"

"எந்தத் தண்ணியில கழுவினீங்க?"

"எங்க குட்டைத் தண்ணிதான். அண்டாவுல மொண்டு வெச்சிருந்தேன்."

"மூணாவது பாட்டில்ல ஏற்கனவே தண்ணி இருந்துச்சே?"

வெள்ளச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டார். எங்கள் மானத்தைக் காப்பாற்றும் குரல் அது. "அத யாருகிட்டயும் சொல்லாதீங்க மேடம். அது எந்தக் காலத்துத் தண்ணியோ. வாசனையே இல்ல. அத கொட்டிட்டு புதுசா புடிச்சி வெச்சேன்."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவரும் சிரித்திருப்போம், வெள்ளச்சி காரணம் கேட்டிருப்பார்.

ஆக, மேல்குட்டைத் தண்ணீர் பிடித்த முதல் பாட்டில் உட்பட மூன்றிலும் ஒட்டியிருந்தது கீழ்குட்டைக் கிருமி. கீழ்குட்டையும் கீழ்குட்டையும் ஒத்துப்போகின்றன என்பதைத்தான் அவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்திருந்தோம்.

மறுபடி மாதிரி எடுக்க வேண்டும். மறுபடி சாப்பிடவும் வேண்டும். அதிலிருந்து தப்ப வழியில்லை. பெட்டியை யார் காப்பது? பாட்டிலை இனித் தொட வேண்டாம் என்றதில் வெள்ளச்சி கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் நாட்டாரே முன்வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். சாப்பாட்டு இலையை மடியில் வைத்து அங்கேயே சாப்பிட்டார். குளிரில் இரண்டு முறை நெளிந்தார். எழுந்திருக்கவில்லை.

தண்ணீர் எடுத்து முடித்ததும் மேடம் சொன்னார்: "தாசில்தாரையும் பிடிங்க. உடம்புல பஞ்சை ஒத்தி எடுக்கணும்."

சடையன் முகம் மாறியது. "தாசில்தாருக்கு எதுக்குங்க டெஸ்ட்டு? அவுரு நல்லாத்தான கீறாரு?"

"அதுக்குத்தான். மத்ததெல்லாம் செத்து மிதக்குது, இது மட்டும் கொழுகொழுன்னு இருக்கு."

"நேத்து கூட சரியா சாப்புடலீங்க. தொந்தரவு பண்ணா கோச்சிக்குவாரு."

"புடிடா," என்றார் நாட்டார் பெட்டிமேலிருந்து.

வலையோடு நான்கு பேர் இறங்கினார்கள். முதல் முறை தாசில்தார் வலைக்கு அடியில் போய்விட்டார். இரண்டாம் முறை வலையைத் தாண்டினார். மூன்றாம் முறை சடையன் பாய்ந்து கட்டிப்பிடித்தார், இருவரும் சேர்ந்து முழுகினார்கள். தண்ணீருக்கு மேலே முதலில் வந்தது மீன்.

"யாரு யார புடிச்சிகினு வராங்கன்னே தெரியலியே!" என்று மேலிருந்து சிரித்தார் மல்லிகா. ஆனால் சிரிப்பு நீளவில்லை. கரைமேல் சாத்தியிருந்த மண்வெட்டிகளை அவர் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையில் கிடத்தியபோது பார்த்தேன். தாசில்தாரின் துடுப்புக்குக் கீழே ஆறிப்போன ஒரு பழைய புண். விளிம்பில் கொஞ்சம் சிவப்பு. பஞ்சை ஒத்தி எடுத்துக்கொண்டு அவரைத் தண்ணீரில் விட்டோம். ஒரு முறை வாலால் அடித்து என் கண்ணாடியை நனைத்துவிட்டுப் போனார்.

இந்த முறை மூன்றாம் எண் பாட்டிலில் ஒன்றும் வளரவில்லை. அதை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் மற்றவற்றைப் பார்த்தோம். மேல்குட்டையில் இருந்தது வேறு ஆள், யாருக்கும் கெடுதல் செய்யாதவர். கீழ்குட்டையிலும் தாசில்தாரின் புண்ணிலும் இருந்தது ஒரே ஆள். அந்தக் கோடுகளை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. நம் ஆழ்குளிர்ப் பெட்டியில் பழைய மாதிரிகள் இருக்கின்றனவே, இடத்தை அடைக்கிறது என்று நீங்கள் தூக்கிப்போடச் சொல்பவை, அவற்றின் படங்களோடு ஒப்பிட்டோம். போளூர்ப் பக்கத்து ஏரி ஒன்றில் முன்பு எடுத்த மாதிரியோடு அப்படியே பொருந்தியது.

ரேஷன் கடை வாசலில் ஊர் கூடியது. மண்வெட்டிகளும் வந்திருந்தன. மல்லிகா முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். சடையன் முன்வரிசையில், அதே புதுச் சட்டையில்.

வழியெல்லாம் நான் மேடத்திடம் கேட்டுக்கொண்டே வந்திருந்தேன்: நோயைக் கொண்டுவந்தது சடையன்தான் என்று எப்படிச் சொல்வது? "சொல்லக் கூடாது," என்றார் அவர். "பாட்டில்ல சடையன் பேரு இல்ல. பாட்டில்ல இருக்கறத மட்டும் சொல்லுவோம்."

அதைத்தான் சொன்னார். "மேல்குட்டையில இந்தக் கிருமி இல்ல. அந்தத் தண்ணியால கீழ்குட்டைக்கு எந்தக் கெடுதலும் வரலை. இது போளூர்ப் பக்கம் ஏரியில இருக்கற கிருமி. தாசில்தார் உடம்புலயும் இதுதான் இருக்கு."

நாட்டார் யோசித்தார். "ஏரி கீழ கீது. நம்ம குட்டை மலமேல கீது. இது எப்பிடி ஏறி வந்துச்சி?"

"எங்களுக்குத் தெரியாது. எங்க படத்துல அது தெரியாது."

சடையன் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து வெள்ளச்சியின் குரல் வந்தது.

"நா அப்பவே சொன்னேன், பஸ்ல மீன ஏத்தினு வராதன்னு. கேட்டியா?"

"ஏய், சும்மா இரு."

"இன்னாத்துக்கு சும்மா இருக்கணும்? பெரிய பெயிண்ட் டப்பாவுல தண்ணிய ஊத்தி, மூடி மேல ஓட்ட போட்டு, மடியில வெச்சினு வந்தது யாரு? பாதி வயில துள்ளிக் குதிச்சி டிரைவர் மேல தண்ணி அடிச்சிச்சாம். கண்டக்டரு லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டாராம்."

கூட்டம் முழுவதும் சடையன் பக்கம் திரும்பியது. அவர் எழுந்து நின்றார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவர் குரலில் ஒரு நியாயம் வந்துவிட்டது.

"எல்லாரும் அண்ணி குட்டைய பாக்கத்தான் வராங்க. என் குட்டைப் பக்கம் யாராவது எட்டிப் பாத்தீங்களா? தாசில்தாரு வந்தப்புறந்தான வந்தீங்க? ஏரியில வல போடறவருகிட்ட சொல்லி வெச்சி வாங்கினு வந்தேன். அதுங்கூடவே நோய் வரும்னு எனக்கு இன்னா தெரியும்?"

மல்லிகா முந்தானையை விட்டார். "டிக்கெட் எடுத்து நோவ கூட்டினு வந்துட்டு, எங்குட்டைய வெட்டச் சொன்னியா?"

"தப்புதான் அண்ணி."

"தாசில்தாராம் தாசில்தாரு. மீனுக்கு அரசாங்க உத்தியோகம் வேற!"

நாட்டார் கையை உயர்த்தினார். மேல்குட்டைக் கரையை யாரும் தொடக் கூடாது. கீழ்குட்டை மீனை அள்ளிக் குழிதோண்டிப் புதைத்து, தண்ணீரை அங்கேயே வற்றவிட்டு, சுண்ணாம்பு போட வேண்டும். மேடம் சொல்லும்வரை புதுக் குஞ்சு விடக் கூடாது. மேல்குட்டை மீன் சந்தைக்குப் போகும்போது கூடையைச் சடையன்தான் சுமக்க வேண்டும். கேட்பவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும், இது அண்ணி குட்டை மீன் என்று சொல்ல வேண்டும்.

"சத்தமா சொல்லணும்," என்றார் மல்லிகா.

"சத்தமா," என்று நாட்டார் தீர்ப்பில் சேர்த்துக்கொண்டார்.

தாசில்தாரைப் புதைத்த அன்று சடையன் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டோம். யாரோ செண்டுமல்லி மாலை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்களாம்.

சில வாரம் கழித்து, சுண்ணாம்பு போட்ட குட்டையைப் பார்த்து மாதிரி எடுக்க மறுபடி போனோம். ஐஸ் பெட்டியைப் பலாமரத்தடியில் வைத்தேன். வெள்ளச்சி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்.

"பாத்துக்குங்க சார். நா தொடல. அப்புறம் என்ன சொல்லாதீங்க."

மல்லிகா அன்றுதான் மீன் பிடித்திருந்தார். கூடை கூடையாக வெளியே வந்துகொண்டிருந்தது. சடையன் ஒரு கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜீப்பைக் கடந்து போனார். எங்களைப் பார்த்ததும் நின்று, "அண்ணி குட்டை மீனு!" என்று கத்திவிட்டு நடந்தார்.

ஆய்வகத்துக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தேன். பாட்டில்களைச் சுற்றியிருந்த நூல் எங்கள் நூல்தான், எங்கள் அலங்கோல முடிச்சுதான். யாரும் தொடவில்லை. ஆனால் ஐஸுக்கு அடியில் வாழையிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தேன். சுத்தம் செய்து துண்டு போட்ட கட்லா, மேல்குட்டையது. பொட்டலத்தின்மேல் பூ முடிச்சு.

மேடத்திடம் எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் நூலை உற்றுப் பார்த்தார்.

"மாதிரிப் பெட்டியில சாப்பாட்டுப் பொருள் வெக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. உடனே வெளிய எடு."

"எடுத்துட்டேன் மேடம். எங்கே வைக்கட்டும்?"

"மூணாவது பாட்டில்ல என்ன வருதுன்னு தெரியற வரைக்கும் அதுமேல கை வெக்காத."

மூன்றாம் எண் பாட்டிலைத் திறந்து பார்த்து, சுத்தம் என்று உறுதியாக இரண்டு நாள் ஆனது. மீன் அதுவரை ஆழ்குளிர்ப் பெட்டியில், போளூர் ஏரி மாதிரிகளுக்குப் பக்கத்தில் காத்திருந்தது. லேபிள் ஒட்டித்தான் வைத்திருந்தேன்.

மேடம் வீட்டில்தான் குழம்பு வைத்தார்கள். போதும் என்று கையை இலைமேல் வைத்தேன். கைமேலேயே ஊற்றினார் மேடம்.